ஆசிரியர் வேலைநிறுத்தம் வந்தால் நம் வீட்டில் என்ன நடக்கும்?

சம்பளம், பணிச்சுமை, இடமாற்றம், ஓய்வூதியம் என்று ஆசிரியர்களிடையே ஏதாவது ஒன்று கொதிக்கும்போதெல்லாம் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும்: ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கப் போகிறார்களாம். யார் சொன்னது, எப்போது, எத்தனை நாள் என்று எதுவும் அதில் இருக்காது. கிள்ளானில் காலை ஷிப்டுக்குப் போகும் ஒரு தாய்க்கு அந்தச் செய்தியைப் படித்ததும் எழும் கேள்வி ஒன்றே ஒன்று: அன்றைக்குப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துத்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். பல வதந்திகள் அங்கேயே அடங்கிவிடும்.

மலேசியாவில் ஒரு தொழிற்சங்கம் நினைத்த மாத்திரத்தில் வேலைநிறுத்தம் அறிவிக்க முடியாது. 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்களிக்கத் தகுதியுள்ள மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் சம்மதிக்க வேண்டும். வாக்களிக்க வந்தவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். முடிவைத் தொழிற்சங்கத் தலைமை இயக்குநரிடம் ஒப்படைத்த பிறகும் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்களின் மிகப் பெரிய சங்கமான தேசிய ஆசிரியர் பணியாளர் சங்கத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இரண்டு இலட்சம் என்றே கணக்கு வைத்தாலும் ஓர் இலட்சம் பேருக்கு மேல் 'ஆம்' என்று எழுத வேண்டும். பெர்லிஸிலிருந்து சபா உட்புறம் வரை சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களிடம் அவ்வளவு வாக்கு திரட்டுவது இலேசான காரியம் இல்லை. வேலையை வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதும் குறைத்துச் செய்வதும்கூட அந்தச் சட்டத்தின் பார்வையில் வேலைநிறுத்தத்தில்தான் அடங்கும்.

இதற்கு மேல் அரசு ஊழியர் ஒழுங்கு விதிகள் வேறு இருக்கின்றன. அனுமதியில்லாமல் பணிக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். தமிழ்ப்பள்ளிகளில் பல, நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமில்லாத அரசு உதவிபெறும் பள்ளிகள் என்றாலும் அங்குள்ள ஆசிரியர்கள் அரசாங்கச் சம்பளம் வாங்குபவர்கள். ஆகவே அவர்களுக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

இப்படியெல்லாம் இருந்தும் இந்த நாட்டில் ஆசிரியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். 1967-இல் அது நடந்தது. கீர் ஜொஹாரி கல்வி அமைச்சராக இருந்த காலம். இன்றைய சங்கத்துக்கு முன்னோடியான தேசிய ஆசிரியர் சங்கம் அதை நடத்தியது. அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் பள்ளி வாரியங்களின் ஊழியர்கள். மற்ற அரசு ஊழியர்களுக்கு இருந்த பல சலுகைகள் அவர்களுக்கு இல்லை. அதைவிடக் கொடுமை, ஒரே வகுப்பில் ஒரே பாடத்தை நடத்தினாலும் பெண் ஆசிரியருக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம்.

இந்தச் சம ஊதியப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? ராசம்மா பூபாலன். ஈப்போவில் 1927-இல் பிறந்தவர். பதின்ம வயதில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனவர். திரும்பி வந்து ஆசிரியரானார். 1960-இல் பெண் ஆசிரியர் சங்கம் உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்தார். பின்னாளில் கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் முதல்வராகப் பல ஆண்டு பணியாற்றினார். சங்கங்கள் அன்று கேட்டவை வீண் போகவில்லை. ஆசிரியர் பணியை ஆராய அஸிஸ் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கொள்கையை அரசாங்கம் 1969-இல் ஏற்றுக்கொண்டது. ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக உள்ளே வந்ததும் ஓய்வூதியம் பெற்றதும் அந்த ஆணையத்தின் பரிந்துரைகளுக்குப் பிறகுதான். இன்று பள்ளிகளில் பெரும்பான்மையாக இருக்கும் பெண் ஆசிரியர்கள் வாங்கும் சம்பளத்தில் 1967-க்கும் பங்கு உண்டு. அதே சமயம், அரசு ஊழியர்கள் ஆன பிறகு மறுபடியும் அப்படியொரு போராட்டத்தில் இறங்குவது அவர்களுக்கு முன்னைவிடக் கடினமாகிவிட்டது.

கிள்ளானுக்கு இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1941-இல் இந்த வட்டாரத்துத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அதை முன்னின்று நடத்தினார். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சம்பள உயர்வு இருந்தது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது இருந்தது, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பது இருந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி வசதி வேண்டும் என்பதும் இருந்தது. நாதனை நாடு கடத்தினார்கள், படையைக் கொண்டுவந்து போராட்டத்தை அடக்கினார்கள். நம் தாத்தா பாட்டிமார் பள்ளிக்கூடம் வேண்டும் என்று வேலையை நிறுத்திய மண் இது. அதனால்தான் பள்ளி நின்றுபோகலாம் என்ற பேச்சு வந்தால் இங்கே மனம் இவ்வளவு பதறுகிறது.

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். முறையான வாக்கெடுப்பு வழியாக வேலைநிறுத்தம் வருவது அரிது. வேறொரு வழி இருக்கிறது. 2021 ஜூலை 26-ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றது நினைவிருக்கும். நோயாளிகளைச் சக மருத்துவர்களிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார்கள். அதைப் பெரிய தொழிற்சங்கம் எதுவும் நடத்தவில்லை, இளம் மருத்துவர்கள் சமூக ஊடகத்தில் திரண்டு நடத்தினார்கள். ஆசிரியர்களிடையே ஒரு நாள் அப்படி நடந்தால் அதுவும் இந்த வடிவத்தில்தான் வரும் என்பது என் கணிப்பு: ஒரே நாளில் பலர் அவசர விடுப்பு எடுப்பது, மருத்துவச் சான்றிதழோடு வீட்டில் இருப்பது. காரணங்களுக்கும் பஞ்சமில்லை. பாடம் நடத்துவதைவிடத் தரவு நிரப்புவதில் நேரம் போகிறது என்பது ஆசிரியர்களின் நெடுநாள் குறை. சுமையைக் குறைக்க ஏழு நடவடிக்கைகளைக் கல்வி அமைச்சர் ஃபட்லினா சிடேக் 2023-இல் அறிவித்தார். கணவன் ஒரு மாநிலம், மனைவி ஒரு மாநிலம் என்று ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்கும் ஆசிரியர் குடும்பங்கள் இருக்கின்றன. 2024-இல் புதிதாகச் சேரும் அரசு ஊழியர்களுக்கு ஓய்வூதியம் இராது என்ற அறிவிப்பு வந்தது.

முறையான வேலைநிறுத்தம் என்றால் ஏழு நாள் கால அவகாசமாவது கிடைக்கும். முறைசாராத வெளிநடப்பு என்றால் அதுவும் கிடைக்காது. குடும்பத்தைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு மிகப் பெரியது.

காலை ஆறரை மணி இருக்கும். கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டு வாசலில் பள்ளி வேன் நின்று ஹாரன் அடிக்கிறது. பிள்ளையை ஏற்றிவிட்ட கையோடு அம்மா போர்ட் கிள்ளான் பக்கம் கிடங்கு வேலைக்குப் புறப்படுகிறார். அப்பா கே.டி.எம். கொமூட்டர் பிடித்து கே.எல். சென்ட்ரல் போய் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையைத் திறக்க வேண்டும். பள்ளி முடிந்ததும் அதே வேன் பிள்ளையை டிரான்சிட் பராமரிப்பு மையத்தில் இறக்கிவிடும், மாலையில் அம்மா அழைத்து வருவார். ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் இந்த ஏற்பாட்டில் பள்ளி என்ற ஒரு துண்டை உருவினால் மற்றவை எல்லாம் சரியும். டிரான்சிட் மையங்களில் பல மதியத்துக்கு மேல்தான் திறக்கும். காலையில் பிள்ளையை எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இருக்காது. தோட்டத்து லயத்தில் இருந்த காலத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்வார். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுகிறார்.

விடுப்பு எடுக்கலாமே என்பார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். தீபாவளி, தைப்பூசம், ஊருக்குப் போவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அது கரைந்துவிடும். நெகிழ்வான வேலை நேரம் கேட்கும் உரிமை 2023 ஜனவரி முதல் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் முதலாளி பதில் சொல்ல 60 நாள் அவகாசம் உண்டு. திங்கட்கிழமை பிரச்சினைக்கு அது உதவாது. நாள் சம்பளக்காரருக்கு விடுப்பு என்றால் அன்றைய கூலி போச்சு. பிள்ளைகளைத் தனியே வீட்டில் பூட்டிவிட்டுப் போவதை மட்டும் யாரும் நினைக்கக் கூடாது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் சிறாரை விட்டுச் செல்வது 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பதினைந்தாவது மாடி ஜன்னலை நினைத்தாலே போதும்.

நடைமுறையில் வேலையை விட்டு வீட்டில் இருக்கப்போவது யார் என்பதும் நமக்குத் தெரியும். அர்ஜெண்டினாவில் ஆசிரியர் வேலைநிறுத்தங்கள் மிகுதி. அங்கே ஆய்வு செய்த டேவிட் ஜாமே, அலெக்ஸாண்டர் வில்லென் என்ற இரு பொருளியலாளர்கள், வேலைநிறுத்த நாட்கள் கூடக் கூடத் தாய்மார்கள் வேலைச் சந்தையிலிருந்து விலகுவதையும் அவர்கள் வருமானம் குறைவதையும் கண்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் புவெனஸ் ஐரிஸ் ஆனாலும் சுமை அம்மா தலையில்தான் இறங்குகிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆர்.எம்.தி. என்று நாம் சொல்லும் இலவச உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிகளில் வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் உணவு தருகிறது. தமிழ்ப்பள்ளிகளில் அதை நம்பி வரும் பிள்ளைகள் ஏராளம். சிலருக்கு அன்றைய நாளின் முதல் உருப்படியான சாப்பாடு அதுதான். பள்ளி நின்றால் அந்தத் தட்டும் நிற்கும். இந்த இடத்தில் வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்துக்குப் போகும் முன்பு ஏழைப் பிள்ளைகளுக்கு உணவுப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டு சிகாகோவில் 11 பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தபோது பள்ளிக் கட்டடங்களைத் திறந்துவைத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டார்கள். பாடம் நிற்கலாம், சோறு நிற்கக் கூடாது என்று இரு தரப்பும் நினைத்தால் வழி இருக்கிறது.

சிற்றுண்டிச்சாலை நடத்துபவர், வேன் ஓட்டுநர், டிரான்சிட் நடத்துபவர் ஆகியோருக்கும் வருமானம் அடிபடும். அவர்களில் பலர் நம்மைப் போன்ற குடும்பங்கள்தான்.

எல்லாப் பள்ளிக்கும் பாதிப்பு ஒரே அளவில் இருக்காது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. அவ்வளவு பெரிய பள்ளியில் ஒரு பகுதி ஆசிரியர்கள் வராவிட்டாலும் பிள்ளைகளை மண்டபத்தில் அமரவைத்துப் பார்த்துக்கொள்ள மீதிப் பேர் இருப்பார்கள். மாணவர் குறைந்த சிறிய தமிழ்ப்பள்ளிகளில் அது முடியாது. பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்களில் நான்கு பேர் வராவிட்டால் பள்ளியே நின்றுவிடும். இடைநிலைப்பள்ளியில் நிலைமை இன்னும் நுட்பமானது. பல தேசிய இடைநிலைப்பள்ளிகளில் தமிழுக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான் இருப்பார். கணித ஆசிரியர் வராவிட்டால் இன்னொரு கணித ஆசிரியர் வகுப்பைப் பார்ப்பார். தமிழாசிரியர் வராவிட்டால் தமிழ் வகுப்பே இல்லை. எஸ்.பி.எம். தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்கும் பிள்ளைகள் சனி ஞாயிறு வகுப்புகளையும் அந்த ஆசிரியரின் தனிப்பட்ட உழைப்பையும் நம்பித்தான் தேர்வுக்குப் போகிறார்கள். எந்தப் போராட்டத்திலும் முதல் அடி விழக்கூடிய இடம் இது என்பதைத் தமிழ்ச் சமூகம் குறித்துக்கொள்ள வேண்டும்.

'கோவிட் காலத்தில் வீட்டிலிருந்தே படித்தார்களே, அதுபோலச் செய்யலாமே' என்று ஒருவர் கேட்கக் கூடும். 2020 மார்ச் 18-இல் பள்ளிகள் மூடியபோது ஆசிரியர்கள் வேலையில் இருந்தார்கள், பள்ளிக் கதவுதான் மூடியிருந்தது. 2019 செப்டம்பர் புகைமூட்டத்தில் கிள்ளான் வட்டாரப் பள்ளிகள் மூடப்பட்டபோதும் அப்படியே. வேலைநிறுத்தத்தில் கதவு திறந்திருக்கும், ஆசிரியர் இருக்க மாட்டார். திரைக்கு அந்தப் பக்கமும் இருக்க மாட்டார். இலங்கை இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 2021-இல் கோவிடால் பள்ளிகள் மூடியிருந்த நேரத்தில், இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் வேறு சிலரும் கைதாகி முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் தனிமைப்படுத்தப்பட்டார்கள். ஜூலை 12 முதல் ஆசிரியர்கள் இணையவழி வகுப்புகளையே நிறுத்தினார்கள். அதற்குள் இருபது ஆண்டுக்கு மேல் தீராமல் கிடந்த சம்பள முரண்பாடும் சேர்ந்துகொண்டது. அக்டோபர் 25-இல்தான் அவர்கள் பணிக்குத் திரும்பினார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கைப்பேசியை நம்பியிருந்த பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கும் மேல் அதுவும் இல்லாமல் போனது.

படிப்பு எவ்வளவு பாதிக்கும்? நாட்களைப் பொறுத்தது. அமெரிக்காவில் 2007 முதல் 2023 வரை நடந்த 772 ஆசிரியர் வேலைநிறுத்தங்களை ஆராய்ந்தவர்கள், பத்து நாளுக்குள் முடிந்தவற்றால் மாணவர் அடைவுநிலையில் பெரிய சேதம் இல்லை என்கிறார்கள். ஆசிரியர் ஊதியமோ அடுத்த ஐந்து ஆண்டுகளில் 8 விழுக்காடு வரை உயர்ந்திருக்கிறது. முன்பு சொன்ன இரு பொருளியலாளர்களும் அர்ஜெண்டினாவில் செய்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. தொடக்கப்பள்ளிக் காலத்தில் சராசரியாக 88 நாள் வேலைநிறுத்தத்தைச் சந்தித்த பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது ஆண்களின் வருமானம் 3.2 விழுக்காடும் பெண்களின் வருமானம் 1.9 விழுக்காடும் குறைந்திருந்தது. ஒரு வாரம் நின்றால் பிடித்துவிடலாம். மாதக்கணக்கில் நின்றால் அந்தப் பள்ளம் பிள்ளையோடு வயது ஏறும். நம் நாட்டில் ஆண்டுக்குக் குறைந்தது 190 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்ற விதி உண்டு. இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டச் சொல்வார்கள். வசதியுள்ள வீடுகள் டியூஷன் பிடிக்கும், இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கும்.

அரசாங்கம் கடுமையாக நடந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டைப் பார்க்க வேண்டும். 2003 ஜூலையில் அங்கே அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது முதல்வர் ஜெயலலிதா சுமார் 1.7 இலட்சம் பேரை ஒரேயடியாகப் பணிநீக்கம் செய்தார். ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஜாக்டோ-ஜியோ என்ற ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பு பழைய ஓய்வூதியத்தைக் கேட்டுப் போராடியது. மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப் போவதாக அரசு அறிவித்தது. இரண்டு முறையும் ஆசிரியர்கள் கேட்ட ஓய்வூதியம் அப்போது கிடைக்கவில்லை, வகுப்பறைகளில் கசப்புதான் மிஞ்சியது. மிரட்டிப் பணிக்கு வரவைக்கலாம், மனம் வைத்துப் பாடம் நடத்த வைக்க முடியாது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஆசிரியரின் கோரிக்கைக்கும் பிள்ளையின் நலனுக்கும் பகை இல்லை. காகித வேலையில் களைத்துப்போன ஆசிரியரிடம் படிக்கும் பிள்ளை வேலைநிறுத்தம் இல்லாமலே ஒவ்வொரு நாளும் கொஞ்சம் இழக்கிறது. ஆசிரியர்களுக்கும் ஒரு கடமை உண்டு: சாப்பாட்டுக்கும் தேர்வுக்கும் ஊறு வராமல் போராட வேண்டும். 2021-இல் இளம் மருத்துவர்கள் நோயாளிகளைக் கைவிடாமல் வெளியே வந்தார்கள், ஆசிரியர்களாலும் அப்படி முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக அமைச்சின் பொறுப்பு பெரிது. சங்கம் வாக்கெடுப்பு வரை போகிறதென்றால் அதற்கு முன் பல ஆண்டுகள் யாரோ காது கொடுக்கவில்லை என்றே பொருள்.

பெற்றோர் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் முன்கூட்டியே செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் தேதியை நம்பாதீர்கள், தலைமையாசிரியரின் கடிதமோ மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அறிவிப்போ வந்தால்தான் உண்மை. ஒரே வகுப்புப் பெற்றோர் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து நாளுக்கு ஒருவர் விடுப்பு எடுத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தை ஆளுக்கு ஒரு நாள் விடுப்பில் கடந்துவிட முடியும். கோயில் மண்டபங்களும் வட்டார இந்தியர் சங்கங்களும் காலை நேரத்தில் பிள்ளைகளை அமரவைக்க இடம் தரலாம். கோவிட் காலத்தில் சமைத்துப் போட்ட கைகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். ஆசிரியர்கள் வராத நாளில் பள்ளி வாசல் திறந்திருக்குமா, ஆர்.எம்.தி. உணவை யார் கொடுப்பார்கள், எஸ்.பி.எம். பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுப் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கூடவே, ஆசிரியர்களிடம் அவர்களுக்கு என்ன குறை என்றும் கேளுங்கள். அதையும் உங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதி அனுப்புங்கள்.